வலம்புரியும் மூலக்கூறும்



கீழக்கரையிலும் இராமேசுவரத்திலும் சங்கு குளிப்பவர்கள் மன்னார் வளைகுடாவிலிருந்து எடுத்துவரும் சங்குகளில் ஏறக்குறைய எல்லாமே இடம்புரிதான். வலம்புரி அகப்படுவது மிக அரிது. இரண்டும் ஒரே இனம், ஓடும் அதே சுண்ணாம்பு. சுருள் மட்டும் எதிர்த்திசையில் போகிறது. இடம்புரியைக் கண்ணாடி முன் வைத்தால் உள்ளே தெரிவது வலம்புரி. கையில் எடுத்து எப்படிப் புரட்டினாலும் ஒன்று மற்றதாகாது.

ஒரு கார்பன் அணுவோடு நான்கு வெவ்வேறு தொகுதிகள் சேரும்போதும் இதுவே நடக்கிறது. அவற்றை இரண்டு விதமாக அமைக்கலாம்; ஒன்று மற்றதன் கண்ணாடிப் பிம்பம். எடையும் உருகுநிலையும் இரண்டுக்கும் ஒன்றே.

மீன்குழம்புக்குக் கரைக்கும் புளியில் டார்டாரிக் அமிலம் இருக்கிறது. புளியமரம் அதில் ஒரு பிம்பத்தை மட்டுமே உண்டாக்கும். 1848இல் பாரிஸில் 25 வயது லூயி பாஸ்டரிடம் இருந்ததோ இரண்டும் கலந்த அமிலம். அதன் சோடியம் அம்மோனியம் உப்பைப் படிகமாக்கி, இருவகைப் படிகங்களையும் கண்ணால் பார்த்து, கையாலேயே பொறுக்கிப் பிரித்தார். ஒரு குவியலின் கரைசல் தளமுனைவுற்ற ஒளியை வலப்பக்கம் திருப்பியது, மற்றது இடப்பக்கம். அந்த உப்பு இப்படித் தனித்தனிப் படிகங்களாக விழுவது சுமார் 27 டிகிரி செல்சியஸுக்குக் கீழேதான். இராமநாதபுரத்து வெயிலில் செய்திருந்தால் இரண்டும் ஒரே படிகத்துக்குள் அடங்கியிருக்கும். பொறுக்குவதற்கு எதுவும் இருந்திருக்காது.

மனித உடலுக்கும் திசை உண்டு. அதன் புரதங்கள் இடக்கை அமினோ அமிலங்களால் ஆனவை. சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி. என். ராமச்சந்திரனும் கோபிநாத் கர்தாவும் 1955இல் வெளியிட்ட கொலாஜன் என்ற புரதத்தின் அமைப்பில், மூன்று இழைகளும் தனித்தனியே இடப்பக்கம் சுருண்டு, பிறகு ஒன்றாக வலப்பக்கம் முறுக்கிக்கொள்கின்றன. இத்தகைய உடலுக்குள் போகும் மருந்தின் திசை சிறு விஷயமல்ல. ஒவ்வாமைக்குத் தரும் செட்டிரிசினில் இரு பிம்பங்களும் சரிபாதி. வேலை செய்வது பெரும்பாலும் ஒன்றே. அதை மட்டும் பிரித்தெடுத்தது லெவோசெட்டிரிசின். 10 மில்லிகிராம் மாத்திரையின் வேலையை அது 5 மில்லிகிராமில் செய்கிறது.

தாலிடோமைடு என்ற மருந்து 1957இல் மேற்கு ஜெர்மனியில் விற்பனைக்கு வந்தது. 1961இல் திரும்பப் பெறப்பட்டது. அதற்குள் பல நாடுகளில் கர்ப்பிணிகள் அதை உட்கொண்டு, 10,000க்கும் மேற்பட்ட குழந்தைகள் உடற்குறைபாடுகளோடு பிறந்தனர். அதன் இரு பிம்பங்களில் தீயதை நீக்கி விற்றிருந்தால் இது நேர்ந்திருக்காது என்று வகுப்பறைகளில் இன்றும் சொல்லப்படுவதுண்டு. அது தவறு. எந்தப் பிம்பத்தைக் கொடுத்தாலும் உடலுக்குள் அதில் ஒரு பகுதி மற்றதாக மாறிவிடுகிறது. சங்கு அப்படி மாறாது. உவமை இந்த இடம்வரைதான் வரும். இதற்குமேல் ஆய்வகம்தான் வழி.

பட்டம் பெறும் மாணவ மாணவியரே, உங்களில் சிலர் மருந்து ஆலைகளின் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் சேர்வீர்கள். அங்கே எடையும் உருகுநிலையும் சரியாக இருப்பதை வைத்துத் தூய மாதிரி ஒன்று எந்தப் பிம்பம் என்று சொல்லிவிட முடியாது. திசையுள்ள பொருள் நிரப்பிய குழாய் வழியே மாதிரியைச் செலுத்த வேண்டும். அந்தப் பொருள் பல சமயம் செல்லுலோஸிலிருந்து செய்யப்படுகிறது. ஒரு பிம்பத்தை அது சற்று அதிக நேரம் பிடித்துவைக்கும். மற்றது முந்தி வெளியேறும்.