படகு வாங்கும் கடனும் இஞ்சின் பழுதும்

(கூட்டமைப்பின் மாதாந்திரப் பிரதிநிதிகள் கூட்டத்தில் களப்பணி ஒருங்கிணைப்பாளர் பேசியதன் எழுத்து வடிவம்)



இன்னைக்கு நாம் பேசப் போவது இஞ்சினைப் பற்றி. "படகும் இஞ்சினும் ஆம்பளைங்க சமாச்சாரம், எங்ககிட்ட எதுக்கு?" என்று பின்வரிசையில் ஒரு அக்கா கேட்பது காதில் விழுகிறது. கடலுக்குப் போவது அவர்கள்தான். ஆனால் கடன் பத்திரத்தில் கையெழுத்து யாருடையது? நம்முடையது. தவணை தவறினால் குழுவில் எழுந்து நின்று பதில் சொல்வது யார்? நாம்தான். அதனால் இஞ்சினைப் பற்றிக் கேள்வி கேட்கும் உரிமையும் நமக்கு இருக்கிறது.

2004 சுனாமிக்குப் பிறகு நம் கரையில் ஃபைபர் படகுகள் பெருகின. அன்று முதல் படகுகள் கைமாறிக்கொண்டே இருக்கின்றன. பழைய படகு வாங்குவது தப்பில்லை. பார்க்காமல் வாங்குவதுதான் தப்பு. நம் குழு ஒன்றில் நடந்ததைச் சொல்கிறோம். அந்தச் சகோதரியின் அனுமதியோடுதான் சொல்கிறோம், பெயர் வேண்டாம்.

கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகக்கூடாது என்பது உங்களுக்குத் தெரியும். அந்த நாட்களில் சின்னப் படகு கொண்டுவரும் மீனுக்கு நல்ல விலை. அதை நம்பி, மார்ச் கடைசியில் அவசர அவசரமாக ஒரு பழைய ஃபைபர் படகை, நீளவால் டீசல் இஞ்சினோடு 90,000 ரூபாய்க்கு வாங்கினார்கள். குழுக் கடன் 50,000. மீதி 40,000 நகை அடகு. பதினோரு நாள் ஓடியது. தடைக்காலம் தொடங்க நாலு நாள் இருக்கையில் இஞ்சின் நடுக்கடலில் இறுகி நின்றுவிட்டது. இன்னொரு படகு கட்டி இழுத்து வந்தது.

மெக்கானிக் பிரித்துப் பார்த்தார். ஆயில் பால் கலந்த டீ மாதிரி இருந்தது. பிஸ்டன் சிலிண்டரில் ஒட்டிப் போயிருந்தது. "இது முன்னாடியே கடலில் மூழ்கின இஞ்சின்மா. மேலே பெயிண்ட் அடிச்சு வித்திருக்காங்க" என்றார்.

இங்கே எங்கள் தவறையும் ஒத்துக்கொள்ள வேண்டும். கடன் பயன்பாட்டைச் சரிபார்க்கப் போன நாங்கள், கரையில் பளபளவென்று நின்ற படகைப் பார்த்தோம். படிவத்தில் "சரி" என்று எழுதிவிட்டு வந்தோம். இஞ்சினை ஓட்டிக் காட்டச் சொல்லவில்லை. சொல்லத் தோன்றவும் இல்லை.

அதற்குப் பிறகு அந்தச் சகோதரி மூன்று வாரம் கூட்டத்துக்கு வரவில்லை. "கடனை வாங்கிட்டு ஏமாத்துறா" என்று குழுவில் பேச்சு கிளம்பியது. வீட்டிலோ வேறு கணக்கு ஓடியது. நூற்றுக்குப் பத்து வட்டிக்கு 35,000 வாங்கி வேறொரு பழைய இஞ்சின் போடுவது என்று கணவர் முடிவு செய்துவிட்டார். மாதம் 3,500 ரூபாய் வட்டிக்கே போகும், அசல் அப்படியே நிற்கும். ஊக்குநர் வீடு தேடிப் போனபோதுதான் உண்மை தெரிந்தது. அன்று சாயங்காலமே குழு அவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தது.

குழு முதலில் இரண்டு மெக்கானிக்குகளிடம் செலவைத் தனித்தனியாக எழுதி வாங்கியது. நல்ல வேளை, கிராங்க் ஷாஃப்ட் தப்பித்திருந்தது. சிலிண்டர், பிஸ்டன், பேரிங் மாற்ற 22,000 ஆகும் என்று ஒருவர் எழுதிக் கொடுத்தார். அடுத்து, விற்றவரை ஊர்க்கூட்டத்தில் வைத்துக் கேட்டார்கள். எழுத்தில் எதுவும் இல்லாததால் அவர் 8,000 மட்டும் திருப்பிக் கொடுத்தார். மீதி 14,000 குழுச் சேமிப்பிலிருந்து நூற்றுக்கு ஒரு ரூபாய் வட்டியில். அதாவது மாதம் 140 ரூபாய். பழைய கடனுக்கு இரண்டு மாதம் வட்டி மட்டும் கட்டினால் போதும் என்று தீர்மானம் எழுதினார்கள். வங்கித் தவணையைக் குழு தன் சேமிப்பிலிருந்து தவறாமல் கட்டியது.

படகு ஜூன் முதல் வாரம் கடலுக்குப் போனது. நல்ல விலை கிடைக்கும் நாட்களில் பெரும்பகுதி போய்விட்டது. நகை இன்னும் மீளவில்லை. ஆனால் அந்த வீடு வட்டிக்காரர் கையில் சிக்கவில்லை. இப்போது அந்தச் சகோதரி முதல் வரிசையில் உட்கார்கிறார்.

இனி, பழைய படகு வாங்கக் கடன் கேட்டால் குழு பார்க்க வேண்டியவை:

1. ஸ்டார்ட் செய்யும் முன் இஞ்சினைத் தொட்டுப் பாருங்கள். ஏற்கெனவே சூடாக இருந்தால், ஆறவிட்டு மறுபடி ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். குளிர்ந்த இஞ்சின்தான் உண்மையைச் சொல்லும்.

2. ஆயில் அளவு பார்க்கும் கம்பியை எடுங்கள். டீசல் இஞ்சினில் ஆயில் கறுப்பாக இருப்பது சகஜம். பால் நிறத்தில் இருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. மினுமினுவென்று இரும்புத் தூள் தெரிந்தால் உள்ளே தேய்கிறது.

3. புகையைப் பாருங்கள். சூடான பிறகும் நீலப் புகை வந்தால் ஆயில் எரிகிறது என்று அர்த்தம்.

4. வால் ஷாஃப்ட் வளைந்திருக்கிறதா, ஆடுகிறதா என்று பாருங்கள். போல்ட்டுக்கு மேலேயும் புதுப் பெயிண்ட் இருந்தால் ஏன் என்று கேளுங்கள்.

5. கரையில் ஓட்டிக் காட்டுவதை நம்ப வேண்டாம். கடலில் ஒரு மணி நேரமாவது ஓட்டிப் பார்க்க வேண்டும். விற்பவருக்கு வேண்டப்படாத ஒரு மெக்கானிக் கூடப் போகட்டும். அவர் கூலி பெரிய செலவு இல்லை.

6. இஞ்சின் எண்ணும் காகிதத்தில் உள்ள எண்ணும் ஒத்துப்போக வேண்டும். படகுப் பதிவை மீன்வளத்துறை அலுவலகத்தில் பெயர் மாற்றுங்கள். புயல் சேத நிவாரணம் வரும்போது பதிவில் உள்ள பெயரைத்தான் பார்ப்பார்கள்.

7. "இத்தனை நாளுக்குள் இஞ்சின் நின்றால் விற்றவர் பொறுப்பு" என்று இரண்டு சாட்சியோடு எழுதி வாங்குங்கள். அதன் பிறகு முழுப் பணத்தையும் கொடுங்கள்.

இன்னொன்று. நம் இஞ்சின் கடலில் மூழ்கிவிட்டால், தூக்கியதும் ஸ்டார்ட் செய்து பார்க்கும் ஆசை வரும். கூடவே கூடாது. சிலிண்டருக்குள் நிற்கும் தண்ணீர் அமுங்காது, கனெக்டிங் ராடு வளைந்துவிடும். நல்ல தண்ணீரால் வெளியே கழுவுங்கள், ஆயிலை வடியுங்கள், அன்றைக்கே மெக்கானிக்கிடம் சேருங்கள். உப்புத் தண்ணீர் பட்ட இரும்பு ஒரே ராத்திரியில் துருப் பிடிக்க ஆரம்பித்துவிடும். நாளைக்குப் பார்க்கலாம் என்று விட்டால் செலவு ஏறும்.

கடன் சமாச்சாரமும் அப்படித்தான் அக்கா. இஞ்சின் நின்ற வாரமே குழுவில் சொன்னால் வழி பிறக்கும். வெட்கப்பட்டு மறைத்தால் வட்டிதான் வளரும். தவணை கட்ட முடியாமல் வரும் சகோதரியிடம் "ஏன் கட்டலை?" என்று கேட்பதற்கு முன்னால் "என்னாச்சு?" என்று கேளுங்கள்.

உரையை இந்த மாதக் குழுக் கூட்டத்தில் ஒருவர் சத்தமாக வாசிக்கட்டும். படகுக் கடனுக்கு இந்த ஏழையும் பார்ப்போம் என்று தீர்மான நோட்டில் எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். அடுத்த முறை பயன்பாடு சரிபார்க்க நாங்கள் வரும்போது, இஞ்சினை ஓட்டிக் காட்டினால்தான் படிவத்தில் "சரி" எழுதுவோம்.