‘எத்துணை’ என்னும் அளவும் ஸ்பானிய மொழியும்



‘இக்கோபுரம் எவ்வளவு உயரம்’ என்னும் தொடரைத் தமிழில் வினாவாகவும் கூறலாம், வியப்பாகவும் கூறலாம். சொல் மாறுவதில்லை, குரலே மாறுகிறது. ஸ்பானிய மொழியில் இவ்விரண்டிற்கும் பெரும்பாலும் வெவ்வேறு வழிகள் உள்ளன.

கோபுரத்தைக் கண்டு வியப்போர் ‘கே ஆல்தா எஸ்!’ என்பர். ‘கே’ என்பதன் பொருள் ‘என்ன’; ‘ஆல்தா’ என்பது ‘உயரமான’ என்னும் பெயரடை. ஆயினும் அதே தொடரை வினாவாக்கி உயரத்தின் அளவைக் கேட்க இயலாது. அதனைக் கேட்க, ஸ்பெயின் நாட்டார் ‘கோமோ எஸ் தே ஆல்தா?’ என்பர். இலத்தீன் அமெரிக்க நாடுகள் பலவற்றில் ‘கே தான் ஆல்தா எஸ்?’ என்பர். நம் ‘எத்துணை’ போன்று, வினா வியப்பு இரண்டிற்கும் பொருந்தும் ‘குவான்’ என்னும் சொல்லும் உண்டு. பல நாடுகளில் அது இன்று ஏட்டு வழக்காகவே நிற்கிறது. பெயரடையை விடுத்து, ‘குவாந்தோ மிதே?’ என அளத்தலைக் குறிக்கும் வினைச்சொல்லால் கேட்பதே எங்கும் செல்லும் எளிய வழி.

இங்கேதான் ஆசிரியர்க்கு ஒரு பொறுப்பு எழுகிறது. ஸ்பெயினில் அச்சான பாடநூலை மட்டும் அளவுகோலாகக் கொண்டு, ‘கே தான்’ என்று எழுதிய மாணவரின் விடையைச் சிவப்பு மையால் அடிப்பது முறையன்று. அது கோடிக்கணக்கானோர் நாவில் வாழும் வழக்கு. ‘கே ஆல்தா எஸ்?’ என அளவை வினவுவதோ பிழை. பிழை வேறு, வழக்கு வேறு. பல நாடுகளில் பலவாறு பேசப்படும் தமிழைக் கற்பிப்போர்க்கும் இவ்வேறுபாடு பொருந்தும்.