இணங்காத கட்டியை இணங்க வைத்தல்

(வாய், தொண்டைப் புற்றுநோய் குறித்து ஆற்றிய உரை)



வைகறையில் பால்மரம் சீவுவதற்கும் வெயில் ஏறிய பின்னர் சீவுவதற்கும் உள்ள வேறுபாட்டை உங்களுக்கு நான் எடுத்துரைக்க வேண்டியதில்லை. கத்தி ஒன்றே, கையும் ஒன்றே. ஆயினும் வைகறையில் மங்கு நிறைகின்றது. வெயிலில் பால் குறைகின்றது. மரத்தின் உள்நிலை மாறிவிடுவதே காரணம்.

புற்றுநோய்க்கு அளிக்கப்படும் கதிர்வீச்சுச் சிகிச்சையும் இத்தகையதே. ஒரே அளவுக் கதிர் ஒருவரின் கட்டியைக் கரைக்கின்றது; மற்றொருவரின் கட்டி எதிர்த்து நிற்கின்றது. அதனை இணங்க வைப்பது எவ்வாறு? அதில் நோயாளியின் பங்கு யாது? இவ்விரண்டையும் இன்று கூற விழைகின்றேன்.

கதிரானது புற்று அணுவின் உட்கருவைச் சிதைக்கின்றது. அச்சிதைவை அணு மீண்டும் சரிசெய்துகொள்ளாதவாறு தடுப்பது, இரத்தம் கொண்டுவரும் பிராணவாயுவாகும். கட்டி விரைந்து வளரும்போது இரத்தக் குழாய்கள் அதன் உட்பகுதியை எட்டுவதில்லை. பிராணவாயு எட்டாத அணுக்களை அழிக்க ஏறத்தாழ மூன்று மடங்கு கதிர் தேவைப்படுகின்றது. இவ்வுண்மையை 1953-ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் அறிஞர் கிரே என்பாரும் அவர்தம் குழுவினரும் விளக்கினர். இன்று கதிரின் அளவே அவர் பெயரால் ‘கிரே’ என வழங்கப்படுகின்றது.

இதற்குத் துணையாக வந்த மருந்து சிஸ்பிளாட்டின். இது பிளாட்டினம் என்னும் உலோகத்திலிருந்து ஆக்கப்படுவது. கதிரால் அடிபட்ட அணு தன்னைப் பழுதுபார்த்துக் கொள்வதை இம்மருந்து தடுக்கின்றது. தலை, கழுத்துப் பகுதிப் புற்றுநோய் பற்றிய 93 ஆய்வுகளைத் தொகுத்து 2009-இல் வெளியான கணக்கொன்று உண்டு. கதிர்வீச்சு நடைபெறும் காலத்திலேயே மருந்தும் சேர்ந்தால், ஐந்தாண்டு கடந்தும் உயிர்வாழ்வோர் நூற்றுக்கு ஆறேழு பேர் கூடுகின்றனர் என அது காட்டுகின்றது. இம்மருந்து சிறுநீரகத்தையும் செவியையும் பாதிக்கக்கூடும் ஆதலின், எவருக்குத் தகும் என்பதை மருத்துவரே முடிவு செய்வார்.

இனி, நோயாளியின் பங்கைக் கேளுங்கள்.

முதலாவது, புகைப்பதை அறவே நிறுத்துதல். சிகரெட்டுப் புகை இரத்தத்தின் பிராணவாயுவைக் குறைக்கின்றது. கனடாவில் நடத்தப்பட்டு 1993-இல் வெளியான ஓர் ஆய்வில், சிகிச்சையின்போது புகைப்பதை விட்டிருந்தோரில் நூற்றுக்கு 74 பேருக்குக் கட்டி முற்றிலும் மறைந்தது. தொடர்ந்து புகைத்தோரில் 45 பேருக்கே மறைந்தது. வெற்றிலை பாக்கையும் விட்டொழியுங்கள். புகையிலை சேராத வெற்றிலை பாக்கும் புற்றுநோய் விளைவிப்பதே என உலகப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 2004-இல் வெளியிட்ட நூலில் தெரிவித்துள்ளது.

இரண்டாவது, இடையில் நிறுத்தாமை. சிகிச்சை வாரத்திற்கு ஐந்து நாளாக ஆறேழு வாரம் நீடிக்கும். மூன்றாம் வாரமளவில் வாய் புண்ணாகும், உணவு இறங்காது. “கரண்டு நமக்கு ஒத்துக்கொள்ளவில்லை” என்று கூறி வீடு திரும்புவோர் உளர். அதுவே பெருந்தவறு. தப்பிய அணுக்கள் நான்காம் வாரத்திற்குப் பின் முன்னினும் விரைந்து பெருகத் தொடங்குகின்றன. அவ்வேளையில் விடுபடும் ஒவ்வொரு நாளும் நோய்க்கே இலாபமாகும். புண்ணுக்கு மருந்துண்டு, விழுங்க இயலாதார்க்குக் குழாய்வழி உணவும் உண்டு. வாய்விட்டுக் கேளுங்கள்.

மூன்றாவது, மறைக்காமை. சோர்வு, இரத்தச் சோகை, காதிரைச்சல், வீட்டில் உண்ணும் நாட்டு மருந்து ஆகிய யாவற்றையும் மருத்துவரிடம் தெரிவியுங்கள்.

கூலி போய்விடுமே எனக் கலங்குவோருக்கு ஒரு சொல்: மருத்துவமனையில் தங்கிச் சிகிச்சை பெற நேரின், ஆண்டுக்கு 60 நாள் வரை ஊதியத்துடன் விடுப்புப் பெற நமது வேலைச் சட்டம் இடந்தருகின்றது. மருத்துவச் சான்றிதழைத் தோட்ட அலுவலகத்தில் ஒப்படையுங்கள்.

லயத்தில் ஒருவர் இச்சிகிச்சை பெறுகின்றாரெனில், அண்டை வீட்டார் அவர் முன் புகைக்காதிருங்கள். அவர்தம் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பி உதவுங்கள். நாள் தவறாமல் அவரை மருத்துவமனைக்கு அனுப்பி வையுங்கள். கட்டியை இணங்க வைக்கும் பணியில் அதுவும் ஒரு மருந்தே.