பொறியும் பழியும்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



ஆள்வினையுடைமை அதிகாரத்தின் எட்டாம் குறளில் வரும் ‘பொறி’ என்ற சொல்லைப் பரிமேலழகர் விதி என்று கொண்டார். இக்கால உரையாசிரியர் சிலர் உடலுறுப்பு என்று கொள்கின்றனர். திருப்பெரும்புதூரிலிருந்து ஒரகடம் வரை பொறி என்றால் இயந்திரந்தான். மூன்று பொருளும் ஒன்றுகூடும் இடம் நம் ஊர்ச்சாலை என்பதால் அக்குறளையே எடுத்துக்கொண்டேன்.

உறுப்புக்குறை பழியன்று, அறிவன அறிந்து முயலாமையே பழி என்பது பின்னவர் கொண்ட பொருள். முற்பாதியில் எனக்கு முழு உடன்பாடு. பிற்பாதியோ சுமை முழுவதையும் தனியொருவர் தோள்மேல் ஏற்றிவிடுகிறது. ஊன்றுகோலுடன் நடக்கும் ஒருவர் ஐ.டி.ஐ. முடித்து, வேலையும் பெற்றுவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். விடியுமுன் முதல் ஷிப்டுக்குக் கம்பெனி பஸ் வந்து நிற்கிறது. அதன் முதற்படி அவர் முழங்கால் உயரம். இங்கே முயலாதவர் யார்?

2015இல் ஐக்கிய நாடுகள் அவை 17 நீடித்த வளர்ச்சி இலக்குகளை வகுத்து, எவரையும் பின்தங்க விடுவதில்லை என்று உறுதி கூறியது. எட்டாம் இலக்கு, 2030க்குள் மாற்றுத்திறனாளிகளுக்கும் கண்ணியமான வேலை, சம வேலைக்குச் சம ஊதியம் என்கிறது. நம் நாட்டின் 2016ஆம் ஆண்டுச் சட்டம் ஏற்கப்பட்ட குறைபாடுகளை 7இலிருந்து 21 ஆக்கியது. அரசுப் பணியில் நூற்றுக்கு 4 இடம் ஒதுக்கியது. தனியார் ஆலைகளுக்கோ, நூற்றுக்கு ஐவரையேனும் அமர்த்தினால் ஊக்கச் சலுகை என்பதோடு நின்றது. இந்த நெடுஞ்சாலையின் வேலையெல்லாம் தனியாரிடந்தானே இருக்கிறது!

அரசுக்குக் கை இல்லாமல் இல்லை. ஆலைக்கு நிலம் தருவது சிப்காட். வல்லம் வடகாலில் 2024இல் 18,720 பெண் தொழிலாளர் தங்கும் விடுதியை எழுப்பியதும் அதுவே. நிலம் தரும் ஒப்பந்தத்தில் தாழ்படிப் பேருந்து, சாய்தளம், ஏற்ற கழிப்பறை என்று மூன்று வரி சேர்க்க எவ்வளவு மை செலவாகும்? செய்ய இயலாத செயலும் அன்று. ஓசூரில் டைட்டன் கைக்கடிகார ஆலை தன் தொடக்க ஆண்டுகளிலிருந்தே மாற்றுத்திறனாளிகளைப் பணியில் அமர்த்தி வந்திருக்கிறது. சென்னை மாநகரில், நீண்ட நீதிமன்ற வழக்குக்குப் பிறகு, 2024 ஆகஸ்டில் 58 தாழ்தளப் பேருந்துகள் ஓடத் தொடங்கின.

இனி நம் வீட்டுக்கணக்கு. ‘ஊனமுற்றோர்’ என்ற சொல்லை விடுத்து ‘மாற்றுத்திறனாளி’ என்ற சொல்லை அரசு 2010இல் ஏற்றது. அரசாணை மாறிற்று, கவிதை மாறவில்லை. அநீதியைக் காணாத சமூகத்தைக் ‘குருடு’ என்றும், முறையீட்டுக்கு இரங்காத ஆட்சியைச் ‘செவிடு’ என்றும் இன்றும் எழுதுகிறோம். எழுதிக் கைத்தட்டலும் பெறுகிறோம். பார்வையற்ற வாசகர் ஒருவர் அவ்வரியைக் கேட்டுக்கொண்டிருப்பார் என்ற நினைவே நமக்கு எழுவதில்லை.

இவ்வூரில் அவதரித்த இராமாநுசரின் சீடர் கூரத்தாழ்வான், காஞ்சிக்கு அருகில் உள்ள கூரத்தவர். ஆசாரியருக்குப் பதிலாகச் சோழனவைக்குச் சென்று கண்ணிழந்தார் என்று குருபரம்பரை சொல்லும். அதன் பின்னரும் அவர் வரதராசரைத் துதித்து நூல் செய்தார் என்பர். அவர் கண்ணின்மையை அறியாமைக்கு உவமையாக்க அக்கோஷ்டியில் எவருக்கும் நா எழுந்திராது.

நம் வட்டம் பத்தாண்டுகளாக மாடி அறையிலேயே கூடி வருகிறது. படிகள் இருபத்திரண்டு, இன்று எண்ணிக்கொண்டுதான் ஏறினேன். அடுத்த மாதக் கவியரங்கத்தைக் கீழ்த்தளத்தில் நடத்த இயலுமா என்று செயலாளரைக் கேட்டிருக்கிறேன். விடை இன்னும் வரவில்லை.