கையில் பிரஷர் சரி, நுரையீரலில்?

"பிரஷர் 120க்கு 80 தான் இருக்கு. ஆனா நாலு படி ஏறினா இளைக்குது." நெல்லைப் பக்கம் இப்படிச் சொல்பவர்கள் நிறைய. வயசாயிட்டு, உடம்பு பெருத்துட்டு, ரத்தம் கம்மி என்று நாமே காரணம் சொல்லித் தள்ளிப்போடுகிறோம்.

கையில் பட்டை கட்டிப் பார்ப்பது, இதயத்தின் இடப்பக்கம் உடம்புக்கு அனுப்பும் ரத்தத்தின் அழுத்தம். வலப்பக்கம் நுரையீரலுக்கு மட்டும் அனுப்புகிறது. அங்கே சராசரி அழுத்தம் 14 அளவில்தான் இருக்கும். 20-ஐத் தாண்டினால் அது நுரையீரல் உயர் ரத்த அழுத்தம். கைப்பட்டையில் இது தெரியாது.

தாமிரபரணிக் கால்வாயில் அமலை அடைத்தால் தண்ணீர் பின்னால் ஏறிக் கரையை முட்டும் இல்லையா? அப்படித்தான், நுரையீரல் குழாய்கள் சுருங்கினால் இதயத்தின் வலப்பக்கம் வீங்கித் தளரும். பிறகு கால் வீக்கம், நெஞ்சுவலி, மயக்கம் வரும். அதுவரை காத்திருக்காதீர்கள்.

காரணங்கள் பல. இடப்பக்க இதயக் கோளாறு முக்கியமானது. சிறுவயதில் வந்த வாதக் காய்ச்சலால் வால்வு சுருங்குவதும் இதில் சேரும். பீடி, சிகரெட், விறகடுப்புப் புகையால் கெட்ட நுரையீரல், பிறவியிலேயே இதயத்தில் ஓட்டை, நுரையீரலில் ரத்தக்கட்டி ஆகியவையும் உண்டு. பிள்ளைகளுக்குத் தொண்டைவலிக்குப் பின் காய்ச்சலும் மூட்டு வீக்கமும் வந்தால் உடனே டாக்டரிடம் காட்டுங்கள். பென்சிலின் ஊசி போடச் சொல்லியிருந்தால் ஒரு தவணையும் விடாதீர்கள்.

என்ன செய்யலாம்? முதலில் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள். மக்களைத் தேடி மருத்துவத்தில் வீட்டுக்கு வருபவரிடம், "பிரஷர் சரி, ஆனா இளைக்குது" என்று சொல்லுங்கள். அடுத்தது எக்கோ பரிசோதனை. ஜெல் தடவி நெஞ்சின்மேல் கருவி வைத்துப் பார்ப்பார்கள், வலிக்காது. பாளையங்கோட்டை ஐகிரவுண்டு அரசு மருத்துவமனையில் இதயநோய்ப் பிரிவு இருக்கிறது. சந்தேகம் இருந்தால், மெல்லிய குழாயை ரத்தநாளம் வழியாகச் செலுத்தி அழுத்தத்தை அளந்து உறுதி செய்வார்கள்.

காரணத்தைப் பொறுத்தே வைத்தியம். வால்வுக்கு ஒன்று, ரத்தக்கட்டிக்கு வேறொன்று. அடுத்தவர் மாத்திரையை வாங்கிச் சாப்பிடாதீர்கள். மூச்சு சரியானதும் நீங்களாக மருந்தை நிறுத்தவும் கூடாது. இந்நோய் உள்ள பெண்களுக்குக் கர்ப்பம் உயிருக்கே ஆபத்தாகலாம். முன்கூட்டியே டாக்டரிடம் பேசிவிடுங்கள்.

ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால், முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் சேரலாம். குடும்ப அட்டை, ஆதார், வருமானச் சான்றுடன் ஆட்சியர் அலுவலகத்திலுள்ள காப்பீட்டு மையத்துக்குப் போங்கள். எந்தச் சிகிச்சைக்குப் பணம் கிடைக்கும் என்பதை மருத்துவமனைக் காப்பீட்டுப் பிரிவில் கேளுங்கள். ஆலோசனைக்கு 104, மயக்கம், கடும் மூச்சுத்திணறல் என்றால் 108.

உங்கள் வீட்டில் யாருக்காவது முன்னைவிட இளைப்பு கூடியிருக்கிறதா? இந்த வாரமே அழைத்துக்கொண்டு போங்கள்.