பிளாஸ்டிக் டேங்குக்கு சீலர் எதுக்கு?

பழைய இரும்பு டேங்கைக் கழுவி, உள்ளே சீலர் ஊத்துற வீடியோ பார்த்திருப்பீங்க. அதை உங்க காரில் செய்யாதீங்க மக்களே! இப்போ பெரும்பாலான கார்களில் இருப்பது ஹெச்.டி.பி.இ. பிளாஸ்டிக் டேங்க். அது துருப்பிடிக்காது. எபாக்ஸி பூசினாலும் சரியா ஒட்டாது. நாளடைவில் உரிஞ்சு வந்து ஃபில்டரை அடைச்சிடும்.

உள்ளே தண்ணி, அழுக்கு சேர்ந்திருந்தா? தண்ணி பெட்ரோலைவிட கனம், அடியில தங்கும். மெக்கானிக்கிட்ட சொல்லி டேங்கை இறக்கி, முழுசா வடிச்சு, துடைச்சு, காயவிட்டாலே போதும்.

ஆனா காலி டேங்க்தானேன்னு அலட்சியம் வேண்டாம். நிறைஞ்ச டேங்கைவிட அதுதான் ஆபத்து. காற்றில் பெட்ரோல் ஆவி சுமார் 1.4 முதல் 7.6 சதவீதம் வரை கலந்திருந்தா, ஒரு சின்னப் பொறி போதும், வெடிச்சிடும். அதனால் ஹீட் கன், வாக்வம் கிளீனர் எதுவும் பக்கத்துல வரக்கூடாது. விரிசல் விட்டிருந்தா? ஒட்டுப்போடாம டேங்கையே மாத்திடுங்க.