கதிரவன் காணாப் பாறையில் உயிர்

உயிர்கட்கெல்லாம் கதிரவனே முதல் என்பது கவிஞர் நெடுங்காலமாகக் கைக்கொண்ட கருத்து. 1977இல், காலாபகஸ் தீவுகளை அடுத்த பசிபிக் கடலடியில், ஏறத்தாழ 2,500 மீட்டர் ஆழத்தில் அக்கருத்து ஆட்டங்கண்டது. வெந்நீர் ஊற்றுகளைத் தேடி ‘ஆல்வின்’ நீர்மூழ்கியில் இறங்கிய புவியியலார், அவற்றைச் சுற்றிச் சிப்பிகளும் குழாய்ப் புழுக்களும் செறிந்திருக்கக் கண்டனர். (உயிரியலார் ஒருவரும் அப்பயணத்தில் இல்லை!) அவற்றிற்கு உணவாக்குபவை, ஊற்றுநீரின் ஹைட்ரஜன் சல்பைடிலிருந்து ஆற்றல் பெறும் நுண்ணுயிர்கள்.

எனினும், கதிரவன் தோற்றான் என்று கவிஞர் எழுதிவிடுதல் அவசரமே. அந்நுண்ணுயிர்களுட் பல, சல்பைடை ஆற்றலாக்க உயிர்வளியை நாடுகின்றன; அவ்வளியோ மேலே வெயிலுண்ணும் பாசியும் பயிரும் ஈன்றது. கடன் அறுபடவில்லை.

கடன்படா உயிரைக் காணப் பாறையை அணுக வேண்டும். கொதிக்கும் ஊற்றுநீர் குளிர்கடலைத் தொட்டதும், அதில் கரைந்திருந்த உலோகங்கள் சல்பைடுகளாகப் படிந்து புகைபோக்கி போல் எழுகின்றன. அவற்றின் நுண்துளைகளிலும் நுண்ணுயிர்கள் குடியிருக்கின்றன. இத்தகைய ஊற்றுகளில் வாழ்வது மெத்தனோபைரஸ். ஹைட்ரஜனையும் கரியமில வாயுவையும் கொண்டு மீத்தேன் ஆக்கிப் பிழைக்கும் அதற்கு ஒளியும் வேண்டா, உயிர்வளியும் வேண்டா. இந்தியப் பெருங்கடலின் நடுமுகட்டில் கிடைத்த அதன் ஒரு வகை, மிகு அழுத்தத்தில் 122 பாகை செல்சியஸ் வெப்பத்திலும் பெருகியதை 2008இல் ஜப்பானிய ஆய்வாளர் வெளியிட்டனர்.